கைபிடித்து எழுதுவிப்போர் எங்கே?

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எமது கரைகளைத் தாக்கிய சில நாள்களுக்குள், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவு செய்வதற்கான 'சகானா' மென்பொருளை இந்நாட்டுத் தொண்டர்களே எழுதத் தொடங்கினர். மருதமுனையிலும் வடமராட்சியிலும் உறவுகளைத் தேடி அலைந்த மக்கள் அதன் பெயரை அறிந்திருக்க நியாயமில்லை. ஆயினும், எவரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடியதாக வெளியிடப்பட்டமையால் அது 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போதும் பயன்பட்டது.

இத்தகைய திறந்த மூல மென்பொருளாக்கத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் உலகளவில் பெயர்பெற்றமை தற்செயலன்று. 2005இல் கூகிள் நிறுவனம் ஆரம்பித்த கோடைகாலத் திட்டத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் அனுபவமிக்க வழிகாட்டி ஒருவர் நியமிக்கப்படுவார். அதன் முதற் பத்தாண்டுகளில் மிக அதிகமான மாணவர்கள் பங்குபற்றிய பல்கலைக்கழகம் மொறட்டுவையே. மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் அங்கு வேரூன்றியிருந்தது.

யாழ். குடாநாட்டில் ஆற்றலுக்குப் பஞ்சமில்லை. 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவரான இ. மயூரநாதன் இம்மண்ணைச் சேர்ந்தவர். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் தன்னார்வலர் உழைப்பிலேயே வளர்ந்தது. ஆனால் மென்பொருள் எழுதப் புகும் மாணவரின் நிலை வேறு. கேள்வி கேட்பது அறியாமையின் அடையாளம் என்று கருதும் ரியூசன் வகுப்புகளில் பழகியவர், தமது முதற் கேள்வியை ஆங்கிலத்தில், முகமறியாதோர் முன்னிலையில் கேட்க வேண்டியிருக்கிறது. அனுப்பிய முதல் திருத்தம் பதிலின்றிக் கிடந்தால் அத்துடன் விலகிவிடுகிறார். ஏடு தொடக்கும் பெரியவரும், ஓதிக்கொடுக்கும் லெப்பையும் பிள்ளை பிழைவிடும் என்று தெரிந்தே அமர்கின்றனர். அந்தப் பொறுமையே இங்கு வேண்டப்படுகிறது.

போட்டிகள் வல்லவரை இனங்காண உதவலாம். தயங்கி நிற்பவரைத் தூக்கிவிட மாட்டா. ரொறன்ரோவிலும் லண்டனிலும் மென்பொருள் துறையில் பணிபுரியும் எம்மவர், கோயில் திருப்பணிக்கு அனுப்பும் பணத்துடன் வாரத்தில் இரண்டு மணிநேரத்தையும் தந்தால் என்ன? யாழ். பல்கலைக்கழகக் கணினி விஞ்ஞானத் துறை அவர்களை மாணவரோடு இணைத்துவைக்கலாம். பழைய மாணவர் சங்கங்கள் ஊடாக மட்டும் வழிகாட்டிகளைத் தேடுவது போதாது. அவ்வாறு செய்தால், 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் நெடுங்காலம் வாழ்ந்து, சோனகதெருவுக்கு மீண்டுள்ள முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் மறுபடியும் வெளியே நிற்க நேரிடும்.

கூகிள் திட்டத்தின் கதவு 2022 முதல் மாணவரல்லாதோருக்கும் திறக்கப்பட்டுள்ளது. வேலையின்றி இருக்கும் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம். வழக்கமாக மார்ச் மாதமளவில் விண்ணப்பம் கோரப்படுவதால், வழிகாட்டிகளைத் தேடும் பணி முந்திய ஆண்டின் இறுதியிலேனும் ஆரம்பமாக வேண்டும்.