குடியிருந்தா வியன்னாவுல குடியிருக்கணும்

வாடகைக்குக் குடியிருக்கிறவனுக்கு உலகத்துலயே நல்ல ஊர் எதுன்னு ஒரு பேச்சு வந்தா, வெளிநாடு போயிட்டு வந்த நண்பர்கள்ல பாதிப்பேர் ஜெர்மனிங்கறாங்க. இன்னும் சிலர் வியன்னாங்கறாங்க. பக்கத்து பக்கத்து நாடு, பேசற மொழியும் ஒண்ணு, அதனால ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்னு நாமளும் தலையாட்டிட்டுப் போயிடறோம். ஆனா ரெண்டுக்கும் நடுவுல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஜெர்மனியில வாடகைக்காரனுக்கு நல்ல சட்டம் இருக்கு. வியன்னாவுல சட்டத்தோட சேர்த்து வீடும் இருக்கு. அதைப் பத்திதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்ல ஜெர்மன் சட்டம். நம்ம ஊர் வாடகைக்காரங்க படிச்சா வயிறு எரியும், சொல்லிட்டேன்.

அங்கே சாதாரண வாடகை ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதியே கிடையாது. நம்ம பதினோரு மாச அக்ரிமெண்ட் கதையெல்லாம் இல்லை. ஓனர் நினைச்ச மாத்திரத்துல காலி பண்ணச் சொல்ல முடியாது. சட்டம் ஏத்துக்கற காரணம் வேணும். தனக்கோ நெருங்கின சொந்தத்துக்கோ வீடு தேவைன்னா, யாருக்கு, எதுக்குன்னு எழுத்துல கொடுக்கணும். அப்பவும் மறுநாளே பெட்டியைக் கட்ட வேண்டியதில்லை. அஞ்சு வருஷத்துக்கு மேல குடியிருந்தவருக்கு 6 மாசம், எட்டு வருஷத்துக்கு மேலன்னா 9 மாசம் அவகாசம். வாடகைக்காரர் கிளம்பணும்னா 3 மாசம் முன்னாடி சொன்னாப் போதும். குடியிருக்கிறவங்களுக்கு வாடகையை ஏத்தறதுக்கும் கடிவாளம் உண்டு. மூணு வருஷத்துல 20 சதவீதத்துக்கு மேல ஏத்தக்கூடாது. வீட்டுக்கு அடிதடி நடக்கிற ஊர்கள்ல 15 சதவீதம்தான். அதுவும் அந்தப் பகுதியில அந்த மாதிரி வீட்டுக்கு என்ன வாடகை நடக்குதோ அதைத் தாண்டி ஏத்த முடியாது.

அட்வான்ஸ் சமாச்சாரம் இன்னும் ஜோர். அதிகபட்சம் மூணு மாச வாடகை. ஒரே தடவையா கொடுக்க முடியலைன்னா மூணு தவணை. ஓனர் அதைத் தன்னோட பணத்தோட கலக்காம தனிக் கணக்குல போட்டு வைக்கணும். வர்ற வட்டி வாடகைக்காரருக்கு!

இங்கே சென்னையில பத்து மாச அட்வான்ஸ். வாடகை இருபதாயிரம்னா ரெண்டு லட்சத்தைக் கொண்டு போய் ஒருத்தர் கையில கொடுத்துட்டு, அது திரும்ப வருமான்னு வருஷக்கணக்கா வேண்டிக்கணும். கிளம்பற அன்னிக்கு பெயிண்டிங்குக்கு இவ்ளோ, குழாய்க்கு இவ்ளோன்னு ஒரு கணக்கு வரும். 2017ல தமிழ்நாடு புதுசா ஒரு வாடகைச் சட்டம் கொண்டு வந்து, 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்தது. எழுத்துல ஒப்பந்தம் போடணும், பதிவு செய்யணும், அட்வான்ஸ் மூணு மாசத்துக்கு மேல வாங்கக்கூடாதுன்னு எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்காங்க. ஆனா அந்த அட்வான்ஸ் விதிக்கு முன்னாடி, ஒப்பந்தத்துல வேற மாதிரி சொல்லியிருந்தா தவிரன்னு ஒரு வால் இருக்கு. அந்த சந்துல லாரியே போகும்.

சரி, இவ்ளோ நல்ல சட்டம் இருக்கிற ஜெர்மனியில வாடகைக்காரங்க சுகமா இருக்காங்களா? ஏற்கெனவே உள்ளே இருக்கிறவங்க இருக்காங்க. பெர்லின்ல பழைய ஒப்பந்தம் கையில வெச்சிருக்கிறவர் அந்த வீட்டை விட்டு நகர மாட்டார். பிள்ளைங்க வளர்ந்து போனாலும், வீடு பெருசா இருந்தாலும் நகர மாட்டார். ஏன்னா வெளியே போனா அதை விடச் சின்ன வீட்டுக்கு அதிக வாடகை. புதுசா வீடு தேடறவங்க, ஒரு வீட்டைப் பார்க்க படிக்கட்டு முழுக்க வரிசையில நிக்கறாங்க. சட்டம் ஒப்பந்தம் வெச்சிருக்கிறவனைக் காப்பாத்தும். ஒப்பந்தமே இல்லாதவனை எப்படிக் காப்பாத்தும்?

பெர்லின் இந்த நிலைமைக்கு வந்ததுக்கு ஒரு முக்கியக் காரணம் அந்த ஊர் அரசாங்கமே பண்ணின வியாபாரம். 2004ல நகரத்துக்குச் சொந்தமான ஒரு வீட்டு வசதி நிறுவனத்தை, அதோட 65 ஆயிரம் வீடுகளோட சேர்த்து முதலீட்டாளர்கள்கிட்ட வித்தாங்க. கடனை அவங்க தலையில கட்டிட்டு, கைக்கு வந்தது சுமார் 40 கோடி யூரோ. 2019ல அதே நகரம், வெறும் 6 ஆயிரம் வீடுகளுக்குப் பக்கமா தனியார்கிட்டேர்ந்து வாங்க 92 கோடி யூரோ கொடுத்துச்சு! கடன் கணக்கையும் சேர்த்தே பார்த்தாலும் இதுக்குப் பேர் வியாபாரமான்னு நீங்களே சொல்லுங்க. டிரெஸ்டன் நகரம் 2006ல தன்கிட்ட இருந்த கிட்டத்தட்ட 48 ஆயிரம் வீட்டையும் மொத்தமா ஒரே முதலீட்டு நிறுவனத்துக்கு வித்துட்டுக் கடனை அடைச்சுது.

அப்புறம் ஒட்டுப் போடற வேலை. 2020ல பெர்லின் ஒரு வாடகை உச்சவரம்புச் சட்டம் போட்டுச்சு. அதுக்கு மாநிலத்துக்கு அதிகாரமே இல்லைன்னு 2021 ஏப்ரல்ல அரசியல் சாசன நீதிமன்றம் அடிச்சுப் போட்டுச்சு. அதே வருஷம் செப்டம்பர்ல, பெரிய கம்பெனிகளோட வீடுகளைப் பொதுவுடைமை ஆக்கணும்னு ஒரு பொது வாக்கெடுப்பு. 59 சதவீதம் பேர் ஆமாம்னு ஓட்டுப் போட்டாங்க. அந்த ஓட்டை வெச்சு இதுவரைக்கும் ஒரு வீடு கூட கைமாறலை.

இப்ப வியன்னாவுக்கு வருவோம். கதை வாடகையை உறைய வெச்சதுலதான் ஆரம்பிக்குது. அது நமக்குப் பழகின கதைதான், அதனால முதல்ல மும்பையை ஒரு எட்டுப் பார்த்துடலாம். 1947 சட்டப்படி மும்பையில பழைய வீட்டு வாடகையெல்லாம் 1940 நிலவரத்துலயே நின்னு போச்சு. வாடகை டீக்காசு ஆச்சு. ஓனர் ரிப்பேர் பண்றதை நிறுத்தினார். குடியிருப்பவர் மாறும்போது பகடின்னு மொத்தமா ஒரு தொகை கைமாறுச்சு. மழைக்காலம் வந்தா தென் மும்பையில ஏதாவது ஒரு பழைய கட்டடம் சரியும். இப்படியே உறைய வெச்சிருக்கறது நியாயமில்லைன்னு 1997ல உச்ச நீதிமன்றமே சொல்லிச்சு. இதை வெச்சுக்கிட்டு வாடகைக் கட்டுப்பாடுன்னாலே கேடுன்னு பொருளாதாரம் படிச்சவங்க பாடம் எடுப்பாங்க. பாதிக் கதை அது.

மீதிக் கதை வியன்னாவுல இருக்கு. முதல் உலகப்போர் நடந்துக்கிட்டிருந்த 1917ல அங்கேயும் வாடகையை உறைய வெச்சாங்க. போர் முடிஞ்சதும் பணவீக்கத்துல வாடகை ஒண்ணுமில்லாம போச்சு. தனியார் கட்டறதை நிறுத்திட்டாங்க. மனை விலை படுத்துச்சு. இதுவரைக்கும் மும்பை மாதிரிதான். ஆனா படுத்துக் கிடந்த விலையில மனைகளை வாங்கினது வியன்னா மாநகராட்சி! 1919ல எல்லாருக்கும் ஓட்டுரிமையோட நடந்த தேர்தல்ல சமூக ஜனநாயகக் கட்சி ஜெயிச்சிருந்தது. 1922ல வியன்னா தனி மாநிலம் ஆனதால சொந்தமா வரி போடற அதிகாரமும் கிடைச்சுது. நகரத்தோட நிதிப் பொறுப்புல இருந்த ஹூகோ பிரைட்னர் 1923ல வீடு கட்டறதுக்குன்னே ஒரு வரி போட்டார். சின்ன வீட்டுக்கு ஏதோ பேருக்கு, பெரிய மாளிகைக்கு வலிக்கிற அளவுக்கு. 1934க்குள்ள 60 ஆயிரத்துக்கும் மேல வீடுகள் எழும்பியாச்சு.

இதுல ரொம்பப் பேர் கவனிக்காத ஒரு சூட்சுமம் இருக்கு. பெரும்பாலும் கடன் வாங்காம வரிப்பணத்துலயே கட்டினாங்க. அதனால வாடகையில வட்டி கட்ட வேண்டிய அவசியம் இல்லை. பராமரிப்புச் செலவுக்கு வந்தாப் போதும். ஒரு தொழிலாளி தன் சம்பளத்துல சுமார் 4 சதவீதம்தான் வாடகை கொடுத்தார். அதுக்கு முன்னாடி அதே ஊர்ல, ரூம் எடுக்கக் கூட வழியில்லாம ஒரு கட்டிலை மட்டும் சில மணி நேரத்துக்கு வாடகை எடுத்துத் தூங்கிட்டுப் போனவங்க ஏராளம். நம்ம திருவல்லிக்கேணி மேன்ஷன் எல்லாம் அதுக்கு முன்னாடி அரண்மனை.

அந்தக் காலத்துல கட்டினதுலயே பிரபலமானது கார்ல் மார்க்ஸ் ஹோஃப். 1930ல திறந்தாங்க. ஒரு கிலோமீட்டருக்கு மேல நீளம், 1382 வீடுகள், உள்ளேயே துணி துவைக்கிற இடம், குளியல் கூடம், குழந்தைகள் பள்ளி, நூலகம். எனக்கு அதை விட முக்கியமாப் படறது அது இருக்கிற இடம். வியன்னாவோட 19வது வட்டம், பணக்காரங்க வசிக்கிற பகுதி. இங்கே சென்னையில ஏழைங்களுக்கு வீடுன்னா கண்ணகி நகர், பெரும்பாக்கம்னு ஊரை விட்டே வெளியே அனுப்பறோம். அப்புறம், ஏன் வேலைக்குப் போக மாட்டேங்கறாங்க, பிள்ளைங்க ஏன் பள்ளிக்கூடத்தை விட்டு நின்னுச்சுன்னு ஆய்வு பண்றோம்.

இன்னிக்கு வியன்னா மாநகராட்சிக்குச் சொந்தமா சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் வீடுகள். லாப வரம்புக்கு உட்பட்டு இயங்கற சங்கங்கள் கையில இன்னொரு 2 லட்சம் அளவுக்கு. இருபது லட்சம் ஜனத்தொகையில கிட்டத்தட்ட பாதிப்பேர் இந்த ரெண்டுல ஏதாவது ஒண்ணுல இருக்காங்க. புதுசா கட்டறதுக்கான பணத்துல ஒரு பங்கு சம்பளத்துலேர்ந்தே போகுது. பல காலம் அது 1 சதவீதம், தொழிலாளி பாதி, முதலாளி பாதி. முக்கியமா, பெர்லின், டிரெஸ்டன் எல்லாம் வித்துத் தள்ளின காலத்துல வியன்னா தன் வீடுகளை விக்கலை.

யாருக்கு வீடுங்கறதுலயும் அவங்க கணக்கு வேற. தனி ஆளுக்கு வரிபோக வருஷம் 50 ஆயிரம் யூரோவுக்கு மேல சம்பாதிச்சாலும் விண்ணப்பிக்கலாம். அதாவது டீச்சர், நர்ஸ், பஸ் டிரைவர், ஆபீஸ் குமாஸ்தா எல்லாரும் உள்ளே. உள்ளே வந்தப்புறம் உங்க சம்பளம் ஏறிச்சான்னு யாரும் திரும்பக் கேட்க மாட்டாங்க. வசதியானவனுக்கு எதுக்கு மலிவு வாடகைன்னு இதைத் திட்டறவங்க உண்டு. என் கட்சி வேற. ஏழைங்களுக்கு மட்டும்னு ஒதுக்கின எதையும், லிஃப்ட் வேலை செய்யலைன்னா கேட்க ஆள் இருக்காது. டீச்சரும் வக்கீலும் அதே படிக்கட்டுல ஏறினா லிஃப்டுக்கு ஆள் வருவான்.

இன்னொரு லாபம் வெளியில. பாதி ஊருக்கு லாபம் பார்க்காத ஓனர் இருக்கும்போது, மீதி ஊர்ல இருக்கிற தனியார் ஓனர் இஷ்டத்துக்கு வாடகை கேட்க முடியாது. கேட்டா ஆள் கிடைக்க மாட்டான். இந்த வேலையைச் சட்டம் மட்டும் செஞ்சிட முடியாது. ஸ்டாக்ஹோம்லயும் வாடகைக்குக் கட்டுப்பாடு உண்டு, நல்ல சட்டம் உண்டு. வீடு கிடைக்க வரிசையில சராசரியா ஒன்பது வருஷம், அதுக்கு மேலயும் ஆகுது.

வியன்னா சொர்க்கம்னு சொல்ல வரலை. மாநகராட்சி வீட்டுக்கு விண்ணப்பிக்க ரெண்டு வருஷம் அந்த ஊர்ல வசிச்சிருக்கணும். ஐரோப்பிய யூனியனுக்கு வெளியேயிருந்து வந்தவங்களுக்கு 2006 வரைக்கும் கதவே திறக்கலை, இப்பவும் நீண்டகால வசிப்பு அனுமதி மாதிரி ஏதாவது கையில இருக்கணும். நம்ம பையன் ஒருத்தன் வேலை கிடைச்சுப் புதுசா போய் இறங்கினா, தனியார் வீட்டுல குறித்த கால ஒப்பந்தம்தான். வாடகையும் அதிகம், முடியும்போது புதுப்பிப்பாரான்னு கவலையும் உண்டு. அதே சமயம் உள்ளூர்க்காரங்க வீட்டு ஒப்பந்தம், கூடவே குடியிருந்த மகனுக்கோ மகளுக்கோ போகலாம். ஆக அங்கேயும் உள்ளே, வெளியேன்னு ஒரு கோடு இருக்கு. 2004ல ஒரு கட்டடத்தை முடிச்ச மாநகராட்சி, அடுத்ததை முடிச்சது 2019ல. நடுவுல சங்கங்கள்தான் கட்டின. ஊர் வளர்ற வேகத்துக்கு அந்த இடைவெளி பெரிய தப்புன்னுதான் எனக்குத் தோணுது.

சிங்கப்பூரை ஏன் சொல்லலைன்னு கேட்கப் போற நண்பர்களுக்கு: அங்கே அரசு கட்டறது பெரும்பாலும் 99 வருஷக் குத்தகைக்கு விக்கறதுக்கு. வீடு வாங்கறவனுக்கு நல்ல ஏற்பாடு. வாடகைக்காரன் கதை வேற.

இங்கே நாம எப்பவும் ஓனர் கட்சி, குடித்தனக்காரர் கட்சின்னு ரெண்டு பக்கமா நின்னு சண்டை போடறோம். மூணாவதா ஒரு ஓனர் வேணும்ங்கற பேச்சே வர்றதில்லை. 1961லேர்ந்து நமக்கு ஹவுசிங் போர்டு இருக்கு. அண்ணா நகர், கே.கே. நகர், அசோக் நகர் எல்லாம் அவங்க உருவாக்கினது. மனையாவும் வீடாவும் வித்தாங்க. வாங்கினவங்க இன்னிக்குக் கோடீஸ்வரங்க, நல்லா இருக்கட்டும். அதுல கால்வாசியை விக்காம பொதுமக்களுக்கு வாடகைக்கே வெச்சிருந்தா, இன்னிக்கு அண்ணா நகர்ல ஒரு நர்ஸ் குடியிருக்க முடிஞ்சிருக்கும். அரசாங்க வீடு ஒழுகும்னு சொல்வீங்க. ஒழுகறது உண்மைதான். தனியார் ஓனர் வீடும் ஒழுகுது, கேட்டா காலி பண்ணச் சொல்றார். போதாததுக்கு நீங்க என்ன ஆளுங்க, அசைவம் சமைப்பீங்களான்னு வாசல்லயே விசாரணை வேற.

நம்மால முடியாத காரியமும் இல்லை. வேலைக்குப் போற பெண்களுக்காகத் தமிழ்நாடு அரசு நடத்தற தோழி விடுதிகள் இருக்கே, அது வியன்னா வழிதான். அரசே கட்டி, விக்காம, வாடகைக்கு விடுது. இதையே குடும்பங்களுக்கு ஏன் செய்யக்கூடாது? ஊருக்கு நடுவுல ஹவுசிங் போர்டோட பழைய குடியிருப்புகளை இடிச்சுட்டு அடுக்குமாடி கட்டறாங்க. அடுத்த தடவை அப்படி ஒரு அறிவிப்பு பேப்பர்ல வந்தா, மொத்தம் எத்தனை மாடின்னு பார்த்துட்டு விட்டுடாதீங்க. அதுல எத்தனை வீடு விற்பனைக்கு, எத்தனை வீடு வாடகைக்குன்னு தேடிப் பாருங்க.

பி.கு: இந்தப் பக்கத்தைப் படிக்கிற வீட்டு ஓனர்களே, உங்க மேல தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. எங்க வீட்டு ஓனர் படிச்சா அவருக்கும் அதேதான், வாடகை அஞ்சாம் தேதி வந்துடும் சார் :-)