போட்டி போடத் தெரியுமா என்று கேட்டால் தலை குனியாதே!



எஸ்.டி.பி.எம். தேர்வில் 4.0 எடுத்தாகி விட்டது. பல் மருத்துவத்திற்கு நேர்முகத் தேர்வு அழைப்பும் வந்து விட்டது. இனி இடம் கிடைத்த மாதிரிதான் என்று நினைத்து விடுகிறோம். அங்கேதான் கோட்டை விடுகிறோம்! மலாயாப் பல்கலைக்கழகமாகட்டும், குபாங் கிரியானில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகமாகட்டும், அந்த அறைக்கு வெளியே காத்திருக்கும் பிள்ளைகளில் பலரும் அதே 4.0 எடுத்தவர்கள்தான்.

உள்ளே கேட்கக்கூடிய ஒரு கேள்வி நம் பிள்ளைகளைத் தடுமாற வைக்கிறது. "உனக்குப் போட்டி மனப்பான்மை உண்டா? உன்னைவிடக் கெட்டிக்காரர்கள் நடுவே என்ன செய்வாய்?"

அண்மையில் சில மாணவர்களுக்கு ஒத்திகை நடத்தினேன். லோரி ஓட்டுநர் ஒருவரின் மகளிடம் இதைக் கேட்டேன். "இல்லை சார், நான் யாரோடும் போட்டி போட மாட்டேன்" என்றாள், தரையைப் பார்த்தபடி. அடுத்த பையனோ, "எல்லாரையும் முந்தி முதலாவதாக வருவேன்" என்று மனப்பாடமாக ஒப்புவித்தான்.

இரண்டு பதிலும் உதவாது. ஐந்து ஆண்டு கடினமான படிப்பை இந்தப் பெண் தாக்குப்பிடிப்பாளா என்ற சந்தேகம் முதல் பதிலில் வரும். சக மருத்துவரோடும் தாதியோடும் இந்தப் பையன் ஒத்துப்போவானா என்ற சந்தேகம் இரண்டாவதில் வரும்.

அந்தப் பெண்ணிடம் மேலும் பேச்சுக் கொடுத்தேன். முதல் தவணையில் வேதியியலில் சறுக்கியிருக்கிறாள். பழைய கேள்வித்தாள்களோடு ஆசிரியரைத் தேடிப் போய்ப் படித்து, அந்தத் தாளை மறுபடி எழுதி ஏ எடுத்திருக்கிறாள். தனக்குப் புரிந்ததை இரண்டு தோழிகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். "இதுதாம்மா பதில்!" என்றேன்.

எங்கே சறுக்கினேன், எப்படி எழுந்தேன், யாரைக் கூட அழைத்துச் சென்றேன். இந்த மூன்றையும் இரண்டு நிமிடத்தில், மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லப் பழகுங்கள். அப்பா லோரி ஓட்டுகிறார் என்பதை மறைக்கவே வேண்டாம்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இன்றிரவு சாப்பாட்டு மேசையில் பிள்ளையை எதிரே உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். குரல் இறங்குகிறதா, கண் தரைக்குப் போகிறதா என்று உங்களால் பார்க்க முடியும்.

எல்லாருக்கும் கதவு சமமாகத் திறந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. 2002-இல் கோட்டா முறை போய் மெரிட் முறை வந்தது. ஆனால் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் என்று இரண்டு வெவ்வேறு தேர்வுகளை எழுதியவர்களை ஒரே வரிசையில் நிறுத்துவது எப்படி நியாயம் என்று நாம் அன்று கேட்டோம், இன்றும் கேட்கிறோம்.

ஆகவே தேர்வு முடிவு, புறப்பாடச் சான்றிதழ்கள், அழைப்புக் கடிதம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள். கேட்கப்பட்ட கேள்விகளை அன்றே எழுதி வையுங்கள். இடம் கிடைக்காவிட்டால், தேதி முடிவதற்குள் மேல்முறையீடு செய்யுங்கள். வெறுங்கையோடு வரும் புகார் எங்கும் எடுபடாது.

தயாராகாமல் போன பிள்ளைக்காக வாதாடுவது கடினம். முழுத் தயாரிப்போடு போன பிள்ளைக்கு இடம் மறுக்கப்பட்டால், ஏன் என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. கேட்போம்!