பத்துக் கிலோ பொம்மை

ரேடியோவால் ஓடும் பொம்மைக் கார் என்றால், பிள்ளைகள் பிறந்த நாளுக்குக் கேட்டு அடம் பிடிக்கும் உள்ளங்கை அகல வஸ்துதான் நம் நினைவுக்கு வரும். அது சோபாவுக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொள்ளும். நாமும் விளக்குமாற்றால் தள்ளி எடுத்துக் கொடுப்போம். இந்த வாரம் நான் சொல்ல வந்தது அதன் பெரியப்பாவைப் பற்றி. நிஜக் காரில் ஐந்தில் ஒரு பங்கு அளவு. நீளம் ஏறக்குறைய ஒரு கெஜம். எடை சுமார் 10 கிலோ. உள்ளே இருப்பது சாட்சாத் பெட்ரோல் எஞ்சின்!

ரேடியோ கார்கள் கடைக்கு வந்து அறுபது வருஷம் ஆகிறது. 1966-ல் இத்தாலியில் ரெஜியோ எமிலியா என்ற ஊரைச் சேர்ந்த எல்-ஜி கம்பெனி ஒரு குட்டி ஃபெராரியைச் செய்து விற்றது. 1976-ல் ஜப்பானின் டாமியா தன் போர்ஷே 934-ஐக் கொண்டுவந்தது. இவை பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. பெரிய ஜாதிக் கார்களுக்குப் பெயர் போனது ஜெர்மனியின் எஃப்ஜி. அவற்றில் ஜப்பானிய ஸெனோவா எஞ்சின் இருக்கும். 22.5 சி.சி.; புல் வெட்டும் யந்திரத்தில் உறுமுகிறதே, அந்த எஞ்சினுக்கு ஒன்றுவிட்ட தம்பி. தொண்ணூறுகளில் ஆசை ஆசையாய் வாங்கி ஓட்டிய கார்கள் இப்போது ஐரோப்பாவில் பரணிலிருந்து இறங்கிப் பழைய சாமான் சந்தைக்கு வருகின்றன. ஸ்டுட்கார்ட்டிலோ மூனிச்சிலோ குடித்தனம் நடத்தும் நம் பிள்ளைகளில் யாராவது ஒன்றைத் தூக்கி வந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

வைத்தவுடன் அவர் என்ன செய்வார் தெரியுமா? கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்பிப் பார்ப்பார். அங்கேதான் நீங்கள் குறுக்கிட வேண்டும். இந்த விஷயத்தில் என் அபிப்பிராயம் கண்டிப்பானது: எஞ்சினுக்குக் கடைசி இடம். முதலில் அந்தக் கார் நிற்குமா என்று பார்க்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் இந்தக் காருக்கு சர்வ சாதாரணம். அந்த வேகத்தில் வரும் 10 கிலோ எடை மோதினால், 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தது போன்ற அடி. பத்துக் கிலோ அரிசி மூட்டையை நாலாவது மாடியிலிருந்து தள்ளிவிடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழே குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.

பழைய காரில் வேகத்தையும் பிரேக்கையும் கவனிப்பது ஒரே ஒரு குட்டிப் பெட்டிதான். ஸெர்வோ என்பார்கள். முன்னால் தள்ளினால் எஞ்சினுக்குக் காற்று திறக்கும், பின்னால் இழுத்தால் பிரேக் பிடிக்கும். கையிலிருக்கும் டிரான்ஸ்மிட்டரின் கட்டளை வந்தால்தான் அது அசையும். பாதி வேகத்தில் போகும்போது கட்டளை அறுந்துவிட்டால், பல பழைய செட்டுகளில் ஸெர்வோ இருந்த இடத்திலேயே நின்றுவிடும். கார் போய்க்கொண்டே இருக்கும்.

கட்டளை ஏன் அறுகிறது? முதல் குற்றவாளி பாட்டரி. காருக்குள் ரேடியோவுக்கென்று தனியாக நிக்கல்-காட்மியம் செல்கள் நாலைந்தைக் கட்டியிருப்பார்கள். இருபது வருஷம் கிடந்த செல்லிலிருந்து காரம் கசியும். முனையில் வெள்ளையாய், பச்சையாய்ப் பூத்திருந்தால் அதுதான். அது வயருக்குள்ளும் ஊர்ந்து போய்த் தாமிரக் கம்பியைக் கறுக்க அடித்துவிடும். வெளியே வயர் புதுப் பெண் மாதிரி பளபளக்கும், உள்ளே ஒன்றுமிருக்காது. ஆகவே செல்களை மட்டும் மாற்றினால் போதாது. வயரையும் ஸ்விட்சையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். உலோகத்தில் படிந்த பூப்பைத் துடைக்க நம் சமையலறை வினிகரே போதும், காரத்தைப் புளிப்பு முறித்துவிடும். கையுறை அவசியம். காட்மியம் விஷம், பழைய செல்லைக் குப்பைத் தொட்டியில் எறியக் கூடாது. பழைய பாட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்தது ரேடியோ. அந்தக் காலத்தில் டிரான்ஸ்மிட்டரிலும் காரிலும் ஜோடி ஜோடியாக கிரிஸ்டல் செருகி அலைவரிசையைத் தீர்மானித்தார்கள். பக்கத்தில் ஒருவர் அதே ஜோடியோடு வந்து நின்றால், அவர் பொத்தானை அமுக்க நம் கார் பாயும்! 2000-களின் நடுவில் வந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டில் இந்தத் தொல்லை கிடையாது. ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டரும் தன் காரை அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்கிறது. "பழசு பழசாகவே இருக்கட்டும், அழகு கெட்டுவிடும்" என்று அவர் வாதாடக்கூடும். காரின் சட்டை, சக்கரம், ஸ்டிக்கர் எல்லாம் பழசாகவே இருக்கட்டும். ரேடியோ மட்டும் புதுசு. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஃபெயில்ஸேஃப் என்ற வசதி அதில் இருக்க வேண்டும்; கட்டளை நின்றால் ஸெர்வோவைத் தானாகவே பிரேக் பக்கம் இழுத்துவிடும். ஆனால் பாட்டரியே செத்துவிட்டால் ஃபெயில்ஸேஃப் என்ன செய்யும், பாவம்! அதற்காகத்தான் எஞ்சினை அணைக்கும் கில் ஸ்விட்ச் ஒன்றைத் தனியே பொருத்துகிறார்கள்.

இத்தனையும் ஆனபிறகு எஞ்சினுக்கு வரலாம். இது உங்களுக்குப் புதிதாகவே தோன்றாது. குக்கர் காஸ்கெட் வருஷக் கணக்கில் கிடந்தால் விறைத்துப் போகிறதல்லவா? கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வுக்கும் அதே கதி. பெட்ரோலை உறிஞ்சித் தருவது அந்தச் சவ்வின் துடிப்புத்தான். விறைத்தால் எஞ்சின் கிளம்பும், ரெண்டு இருமல் இருமும், அணையும். சவ்வும் காஸ்கெட்டும் சேர்ந்த பொட்டலம் கடையில் கிடைக்கிறது. மஞ்சளாய்ப் போன பெட்ரோல் குழாயையும், காற்று வடிகட்டும் ஸ்பஞ்சையும் யோசனையே இல்லாமல் மாற்ற வேண்டும். பழைய ஸ்பஞ்ச் தொட்டால் பொடியாகும், அந்தப் பொடி நேரே எஞ்சினுக்குள் போகும். ஸ்பார்க் பிளக்கிலும் ரெஸிஸ்டர் உள்ளதாகப் பார்த்துப் போடட்டும். இல்லாவிட்டால் அதன் பொறியே ரேடியோவைக் குழப்பும்.

பெட்ரோல் புதிதாக இருக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு 40 மில்லி டூ-ஸ்ட்ரோக் எண்ணெய். அதாவது 25-க்கு 1. எண்ணெய் இல்லாத பெட்ரோல் ஊற்றினால் எஞ்சின் சீக்கிரமே இறுகிவிடும். இக்காலத்துப் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஆகவே ஓட்டி முடித்ததும் டாங்கியைக் காலி செய்வது நலம்.

நைலான் பாகங்கள் நாளாவட்டத்தில் காய்ந்து மொடமொடவென்று ஒடியும். வெந்நீரில் ஊறப்போட்டால் தண்ணீரைக் குடித்துக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அதற்கு உங்கள் பால் பாத்திரம் உதவாது என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முதல் சோதனை, எஞ்சினை அணைத்தபடி. கார் ஓரிடத்தில், டிரான்ஸ்மிட்டரோடு அவர் ஐம்பது அறுபது அடி தள்ளி. நீங்கள் கார் பக்கத்தில் நின்று, சக்கரம் திரும்புகிறதா, பிரேக் தகடு கவ்வுகிறதா என்று பாருங்கள். பிறகு அவர் டிரான்ஸ்மிட்டரை வேண்டுமென்றே அணைக்கட்டும். அந்தக் கணமே பிரேக் விழவேண்டும். விழாவிட்டால் அன்றைக்குக் கார் வெளியே போகக் கூடாது.

அடுத்தது, வெட்டவெளியில் பின்சக்கரங்கள் தரையில் படாமல் கட்டைமேல் ஏற்றி எஞ்சினைக் கிளப்புவது. வீட்டுக்குள் வேண்டாம், புகை விஷம். எஞ்சின் மெதுவாக உறுமும்போது சக்கரம் சுழலாமலிருக்க வேண்டும். சுழன்றால் கிளச்சின் ஸ்பிரிங் ஒடிந்திருக்கும், அல்லது எஞ்சினின் நிதான வேகம் அதிகம் வைக்கப்பட்டிருக்கும்.

ஓட்டுவதற்குத் தெரு உதவாது. வேலி போட்ட மைதானம் வேண்டும், குழந்தைகள் வேலிக்கு இப்பால். ஒரு பழக்கம் மட்டும் கை தானாகச் செய்யும்வரை சொல்லிக்கொண்டே இருங்கள்: கிளப்பும்போது டிரான்ஸ்மிட்டர் முதலில், கார் ரேடியோ பிறகு. முடிக்கும்போது எஞ்சினை அணைத்து, கார் ரேடியோ முதலில், டிரான்ஸ்மிட்டர் கடைசியில். முறை மாறினால் எஜமானர் இல்லாத வண்டிதான்.

திரும்பி வந்ததும் கையெல்லாம் எண்ணெயோடு சிரித்துக்கொண்டு நிற்பார். காரைத் துடைத்த பெட்ரோல் துணிகளை மட்டும் துவைக்கும் மெஷினில் போட விடாதீர்கள்; உலர்த்தும் மெஷினில் அறவே கூடாது, தீப்பிடிக்கும். வெளியே காற்றில் விரித்து உலரவிட்டு, அப்புறம் தூர எறியட்டும்.