பெட்டிக்குச் சான்று, கம்பிக்கு?

சூரியன் மாதாமாதம் பில் அனுப்புவதில்லை. ஒரு தடவை பணம் போட்டுத் தகடு மாட்டினால், வருஷக் கணக்கில் விளக்கு எரியும். தோட்டத்து வீட்டிலும் மலைக் குடிசையிலும் அது எரிகிறது. நல்ல காரியம்தான்!

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சூரிய மின்சாரத்தை மின்வாரியக் கம்பத்தோடு இணைப்பவர் மனுப் போடவேண்டும், மீட்டர் வைக்கவேண்டும். கம்பத்தோடு சேராமல், பாட்டரி வைத்துத் தனியாக எரிப்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை. சொந்த உபயோகத்துக்கு மின்சாரம் தயாரிக்க லைசென்ஸ் வேண்டாம் என்பது 2003-ம் ஆண்டின் மின்சாரச் சட்டம்.

ஏழைக்கு இது சலுகை. ஆனால் மனு இல்லாத வீட்டை யார் வந்து பார்க்கிறார்கள்?

பொல்லாத மின்சாரம்

தகட்டில் உண்டாவது நேர் மின்சாரம். வீட்டு விளக்குக்கும் விசிறிக்கும் வேண்டியது மாறு மின்சாரம். முன்னதைப் பின்னதாக மாற்றித் தரும் பெட்டிதான் இன்வர்ட்டர்.

நம் வீட்டு மாறு மின்சாரம் வினாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்பும். அதனால் சுவிட்சில் பொறி கிளம்பினாலும் அணைந்துவிடும். நேர் மின்சாரம் ஓய்வதே இல்லை. பொறி நின்று எரியும். சாதாரண எம்.சி.பி.யைத் தகட்டுக் கம்பியில் மாட்டினால், அதுவே தீப்பிடிக்கலாம். வெயில் இருக்கும் வரை தகட்டை நிறுத்தவும் முடியாது!

எண்ணைக் கேளுங்கள்

இன்வர்ட்டரின் பாதுகாப்புக்கு ஐ.எஸ். 16221 என்ற தரம் இருக்கிறது. பரிசோதித்துப் பதிவு செய்த பெட்டியைத்தான் விற்கவேண்டும் என்று மத்திய அரசு 2017-ல் உத்தரவு போட்டது. பிறகு தவணை மேல் தவணை கொடுத்தது. 2025-ல் புது உத்தரவே வந்தது. இத்தனை வருஷம் இழுத்திருக்க வேண்டாம்.

பெட்டியில் தர முத்திரையும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையை யாரும் அச்சடித்து ஒட்டலாம். ஆகவே அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செல்போன் செயலியில் போட்டுப் பாருங்கள். யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும்.

கம்பத்தில் ஒரு மனிதர்

முத்திரை பெட்டிக்குத்தான். பெட்டியிலிருந்து ஓடும் கம்பிக்கு அல்ல.

வாரிய மின்சாரமும் உள்ள வீட்டில் இன்வர்ட்டரைத் தாறுமாறாக இணைத்தால் என்ன ஆகும்? ஊரில் மின்சாரம் நின்றிருக்கும்போது, உங்கள் வீட்டு 230 வோல்ட் தெருக் கம்பிக்குப் போகும். டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறினால் 11,000 வோல்ட் ஆகிவிடும். "லைன் நிறுத்தியாயிற்று" என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவரின் கதி என்ன?

இதைத் தடுக்க ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போதும். இரண்டு மின்சாரமும் ஒன்று சேராமல் அது தடுத்துவிடும்.

அதற்காகத் தனி மின்சாரத்துக்கும் அனுமதிச் சட்டம் போட்டு, ஏழையை ஆபீஸ் ஆபீஸாக அலையவிடச் சொல்லவில்லை. லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவர் ஒரே ஒரு தடவை வந்து பார்க்கட்டும். எர்த், பியூஸ், சேஞ்ச் ஓவர் மூன்றையும் சோதித்து, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். அந்தக் கூலியை, தகட்டுக்கு மானியம் தரும் சர்க்காரே கொடுத்துவிடலாம்.