வெட்கம் வளர்க்கும் கட்டி

காய்ச்சல் வந்தால் ஊருக்கே சொல்லுகிறோம். பல் வலி வந்தால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே தெருவில் நடக்கிறோம். ஆசனவாய்க்குப் பக்கத்தில் ஒரு கட்டி வந்தால் மட்டும் வாயைத் திறப்பதில்லை. புருஷன் மனைவியிடம் சொல்லுவதில்லை. மகள் தாயிடம் சொல்லுவதில்லை. உட்கார முடியாதவர், "இடுப்பு பிடித்துக்கொண்டது" என்று சொல்லிச் சமாளிக்கிறார்.

தேனி மாவட்டத்தில் கடமலைக்குண்டு என்று ஒரு ஊர். ஆண்டிபட்டி தாலுகாவைச் சேர்ந்தது. வருசநாட்டு மலைக்குப் போகும் வழியில் இருக்கிறது. வைகை ஆறு அந்த மலையில்தான் பிறக்கிறது. தென்னையும் இலவ மரமும் உள்ள பூமி. தோட்ட வேலை செய்கிறவர்களும் மலைப் பாதையில் ஜீப் ஓட்டுகிறவர்களும் அந்தப் பக்கத்தில் நிறைய உண்டு. வியர்வை சிந்தி உழைக்கும் ஜனங்கள்.

அந்த ஊரில் ஒரு ஜீப் டிரைவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 25. முதுகெலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே ஒரு சிறு கட்டி கிளம்புகிறது. ஜீப் குலுங்கும்போதெல்லாம் உயிர் போகிறது. மருந்துக் கடைக்குப் போகிறார். "வலி மாத்திரை கொடுங்கள்" என்கிறார். எங்கே வலி என்று அவரும் சொல்லுவதில்லை, கடைக்காரரும் கேட்பதில்லை. சீட்டில் இலவம் பஞ்சுத் தலையணை ஒன்றைப் போட்டுக்கொள்ளுகிறார். ஒரு வாரம் கழித்துக் கட்டி உடைகிறது. சீழ் வடிகிறது. வலி குறைகிறது. "தொலைந்தது சனியன்" என்று நினைக்கிறார். தொலையவில்லை. இரண்டு மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் வருகிறது. இப்போது அவர் கண்ணில் சுவர் நோட்டீஸ் படுகிறது!

மூலம், பவுத்திரம் என்று பெரிய எழுத்து. ஆபரேஷன் இல்லாமல் குணமாம். கீழே போன் நம்பர். பஸ் நிலையம், கழிப்பறை, மின்சாரக் கம்பம் எங்கேயும் இந்த நோட்டீஸ்தான். தமிழ்நாட்டில் இதைக் காணாத ஊர் அபூர்வம். பல் வலிக்கு இப்படி ரகசிய நோட்டீஸ் ஒட்டுகிறார்களா? இல்லை. பல் வலிக்கு வெட்கம் கிடையாது. வெட்கம் இருக்கிற இடத்தில்தான் நோட்டீஸ்காரருக்குப் பிழைப்பு. வெட்கப்படுகிறவன் ஏமாந்தாலும் வெளியே சொல்லமாட்டான். அது அவருக்குத் தெரியும்.

எல்லாம் மூலம் அல்ல

அந்த இடத்தில் எது வந்தாலும் நம் ஜனங்கள் "மூலம்" என்றே சொல்லுகிறார்கள். இது பெரிய தவறு. மூலம் என்பது ஆசனவாயில் உள்ள ரத்தக் குழாய் மெத்தைகள் வீங்கி இறங்குவது. அதற்கும் சீழ்க் கட்டிக்கும் சம்பந்தம் இல்லை. மலம் இறுகிப் போனால் தோல் கிழியும். அது வெடிப்பு. கத்தியால் அறுப்பதுபோல் வலிக்கும். அதுவும் மூலம் அல்ல.

தோலுக்கு அடியில் உருண்டையாக, வலி இல்லாமல், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளியோடு இருப்பது வேறு. ஜனங்கள் அதைக் கொழுப்புக் கட்டி என்பார்கள். உண்மையில் அது ஒரு சிறு பை. உள்ளே தோல் கழிவு மாவு போல் சேர்ந்திருக்கும். நகத்தால் பிதுக்கினால் மாவு வரும்; பை உள்ளேயே இருக்கும். பிறகு மறுபடியும் நிரம்பும். பையையே முழுதாக எடுத்தால்தான் தீரும். தொந்தரவு கொடுக்காவிட்டால் அப்படியே விட்டுவிடவும் செய்யலாம்.

சீழ்க் கட்டி எப்படி வருகிறது? ஆசனவாயின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத சிறு சுரப்பிகள் உண்டு. அவற்றின் வாய் அடைபட்டால் உள்ளே கிருமி பெருகும். சீழ் கட்டும். அது வெளியே வர வழி தேடும். சதையைத் துளைத்துத் தோலுக்கு வரும். இப்படி வந்த கட்டிகளில் மூன்றில் ஒன்று, சில சமயம் அதற்கும் மேலாக, ஆறாமல் ஒரு குழாயாக நிலைத்துவிடும். உள்ளே ஒரு வாய், வெளியே ஒரு வாய். அதுதான் பவுத்திரம். வெளிவாய் மூடினால் வலி, திறந்தால் சீழ். வருஷக் கணக்கில் இப்படியே நடக்கும்.

நம் ஜீப் டிரைவருக்கு வந்தது இவற்றில் எதுவும் அல்ல. அவருடைய கட்டி ஆசனவாயை ஒட்டி இல்லை. மேலே தள்ளி, பிட்டப் பிளவு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. உதிர்ந்த முடி அந்தப் பிளவில் சிக்கி, உட்காரும்போது அழுத்தத்தில் தோலுக்குள் ஊசி போல் இறங்கிவிடுகிறது. உள்ளே குழி விழுந்து சீழ் பிடிக்கிறது. இரண்டாவது உலக யுத்தத்தில் ஏறக்குறைய 80,000 அமெரிக்கச் சிப்பாய்கள் இதற்காக ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். அதற்கு அங்கே வைத்த பெயர் என்ன தெரியுமா? "ஜீப் வியாதி!" ஜீப்பின் குலுக்கல் மட்டும் காரணம் அல்ல. ஆனால் அடர்ந்த முடி உள்ள வாலிபர்கள், வியர்வையோடு பல மணி நேரம் உட்கார்ந்து ஓட்டினால் ஆபத்து அதிகம்.

இன்னொரு வகையும் உண்டு. அக்குள், தொடை இடுக்கு, ஆசனவாய் ஓரம் ஆகிய மூன்று இடங்களிலும் மாறி மாறிக் கட்டிகள் வரும். தழும்பும் துளையும் விழும். இது அழுக்கினால் வருவது அல்ல, ஒட்டுவதும் அல்ல. பாவம், எத்தனையோ பேர் "குளிக்காதவன்" என்று பேச்சு வாங்குகிறார்கள். பீடி, சிகரெட் குடித்தால் இது மோசமாகும். தோல் டாக்டர் பல வாரம் மருந்து கொடுத்துப் பார்க்க வேண்டிய நோய்.

ராஜாவுக்கும் வந்தது

பிரான்சு தேசத்தை ஆண்ட பதினான்காம் லூயிக்குப் பவுத்திரம் வந்தது. களிம்பு, கட்டு எல்லாம் செய்து பார்த்தார்கள். பலிக்கவில்லை. கடைசியில் பெலிக்ஸ் என்ற ரண வைத்தியர், பல மாதம் ஏழை நோயாளிகளிடம் பழகிப் பார்த்துவிட்டு, இதற்கென்றே ஒரு கத்தியும் செய்துகொண்டு, 1686 நவம்பர் 18-ந் தேதி ராஜாவுக்கு ஆபரேஷன் செய்தார். மயக்க மருந்து இல்லாத காலம்! ராஜா பிழைத்தார். அதன் பிறகு 1715 வரை ஆண்டார்.

இங்கிலாந்தின் பெரிய நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்சுக்கும் இதே நோய். 1841 அக்டோபரில் ஆபரேஷன் நடந்தது. அடுத்த ஜனவரியில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அவருக்குக் கத்தி வைத்தவர் பிரெடரிக் சால்மன் என்ற டாக்டர். அந்த சால்மன் 1835-ல் லண்டனில் ஒரு காரியம் செய்திருந்தார். பவுத்திரத்தாலும் மற்ற மலக்குடல் நோய்களாலும் வாடும் ஏழைகளுக்காக ஏழு படுக்கையோடு ஓர் ஆஸ்பத்திரி திறந்தார். அதுவே பின்னால் செயிண்ட் மார்க்ஸ் என்று உலகப் புகழ் பெற்றது. வெளியே சொல்ல முடியாத நோய்க்கு வெளிப்படையாக ஒரு வீடு கட்டினார் அந்த மனிதர். ராஜாவுக்குக் கத்தி வைத்ததைவிட இது பெரிய காரியம்.

டாக்டர் என்ன செய்வார்?

பயமே இதைப் பற்றித்தான். உண்மையில் சோதனை சில நிமிஷ வேலை. இடது பக்கமாகப் படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டும். துணி போர்த்தியிருக்கும். டாக்டர் முதலில் கண்ணால் பார்ப்பார். பிறகு உறை போட்ட விரலால் தொட்டுப் பார்ப்பார். தேவையானால் ஒரு சிறு குழாயை வைத்து உள்ளே பார்ப்பார். வலி தாங்க முடியாத சீழ்க் கட்டி என்றால் மயக்கம் கொடுத்த பிறகே பார்ப்பார்கள். பவுத்திரக் குழாய் வளைந்து நெளிந்து போயிருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அதன் வழியைக் காட்டிவிடும்.

சீழ் கட்டிவிட்டால் மாத்திரை மட்டும் போதாது. கீறிச் சீழை வெளியேற்ற வேண்டும். இதில் தாமதம் கூடாது. காய்ச்சலும் வீக்கமும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே போக வேண்டும். சர்க்கரை வியாதிக்காரருக்கு இது உயிர் விஷயம். அவர்களுக்குச் சீழ் ஒரே இரவில் தொடைக்கும் வயிற்றுக்கும் பரவக்கூடும்.

பவுத்திரத்துக்கு ஆபரேஷன்தான் வழி. குழாய் மேலோட்டமாக இருந்தால் திறந்து விடுவார்கள். ஆழமாகப் போனால் யோசித்துச் செய்ய வேண்டும். ஏன்? மலத்தை அடக்கிப் பிடிக்கிற தசை அங்கே இருக்கிறது. அது வெட்டுப்பட்டால் ஆயுள் முழுவதும் மலம் அடங்காது. படித்த டாக்டரே பயந்து பயந்து கத்தி வைக்கிற இடம் இது. அந்த இடத்தில் ஒரு நோட்டீஸ்காரர் பெயர் தெரியாத கார மருந்தைத் தடவுகிறார், ஊசி போடுகிறார். சதை வெந்து, ஆறும்போது வழியே சுருங்கிப் போகிறது. நோயைவிடக் கொடுமை!

இதற்காக நாட்டு வைத்தியம் எல்லாம் பொய் என்று சொல்லிவிட முடியாது. பவுத்திரத்தை நூல் கட்டி அறுக்கும் முறை நம் நாட்டுப் பழைய முறை. கள்ளிப்பால், நாயுருவிச் சாம்பல் உப்பு, மஞ்சள் மூன்றையும் 21 தடவை பூசிய நூல் அது. சித்த வைத்தியத்தில் காரநூல் என்பார்கள். 1960-களில் காசி இந்து சர்வகலாசாலையில் தேஷ்பாண்டே என்ற பேராசிரியர் அதற்குப் புத்துயிர் கொடுத்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அதைக் கத்தி வைத்தியத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தது. முடிவு 1991-ல் வெளிவந்தது. நூல் கட்டியவர்களுக்குப் புண் ஆற 8 வாரம். ஆபரேஷன் செய்தவர்களுக்கு 4 வாரம். ஆனால் நோய் திரும்பி வந்தது, நூல் கட்டியவர்களில் 100-க்கு 4 பேருக்கு. ஆபரேஷன் செய்தவர்களில் 100-க்கு 11 பேருக்கு. ஆகவே நூல் வைத்தியம் கெட்டது அல்ல. கட்டுகிறவர் பட்டம் பெற்றவரா என்பதுதான் கேள்வி.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். ஆறாத பவுத்திரத்துக்குப் பின்னால் காச நோய் ஒளிந்திருக்கலாம். குடல் அழற்சி இருக்கலாம். அதனால்தான் டாக்டர்கள் சதைத் துணுக்கைச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். ரத்தம் போனால், முக்கியமாக 40 வயதைத் தாண்டியவர்கள், மூலம் என்று தாமே முடிவு கட்டக் கூடாது. புற்றுநோய் அல்ல என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

சுவரில் எழுதட்டும் சர்க்கார்

கடமலைக்குண்டில் பஸ் ஏறினால், கண்டமனூரைத் தாண்டி, மெயின் ரோட்டைத் தொடும் இடம் க.விலக்கு. தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. ஆகவே தூரம் ஒரு சாக்கு அல்ல. பணமும் சாக்கு அல்ல. தடுப்பது வெட்கம் ஒன்றே.

அந்த வெட்கத்துக்கு ஜனங்களை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. வெளிநோயாளிகள் வரிசையில் நாற்பது பேர் பின்னால் நிற்க, "எங்கே கட்டி?" என்று உரக்கக் கேட்டால் எந்தப் பெண்பிள்ளை பதில் சொல்லுவாள்? பிரசவத்துக்குப் பிறகு வெடிப்பு வந்து, மலம் கழிக்கவே பயந்து, சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளுகிற தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்கள் நோட்டீஸ்காரரிடமும் போவதில்லை, ஆஸ்பத்திரிக்கும் போவதில்லை. தாங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

நோட்டீஸ்காரர் ஒட்டுகிற அதே சுவரில் சுகாதார இலாகாவும் ஒரு நோட்டீஸ் ஒட்டட்டும். பெரிய எழுத்தில், எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும்படி இருக்கட்டும். இந்த இடத்தில் கட்டி, சீழ், ரத்தம் எது இருந்தாலும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகக் காட்டலாம் என்று எழுதட்டும். எந்தக் கிழமை, எந்த அறை என்று எழுதட்டும். சீட்டு வாங்கும் இடத்தில் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, அறை நம்பர் சொன்னால் போதும் என்று எழுதட்டும். அறைக்குத் திரை உண்டு, பெண்களுக்குப் பெண் நர்ஸ் கூடவே இருப்பார் என்றும் ஒரு வரி சேர்க்கட்டும்.