கூறு கட்டுவதற்கு முன் கொஞ்சம் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது, "இதை வைத்து வீட்டிலிருந்தே ஏதாவது விற்க முடியுமா?" என்பதுதான். முடியும். ஆனால் கம்ப்யூட்டர் விற்றுத் தருமே தவிர, பொருளைப் பார்த்துத் தராது. இதை நான் கற்றுக்கொண்டது அமெரிக்காவில், இன்னொருவருடைய நகைப் பெட்டியில்.

ப்ராஜெக்ட் வேலையாக நியூஜெர்சியில் இருந்தபோது, வீட்டுக்கார அம்மாள் காலமான தன் அக்காவின் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே நம் ஊர் கவரிங் போல, அங்கே காஸ்ட்யூம் ஜுவல்லரி எனப்படும் பழைய நகைகள். கிளிப் தோடுகள், மணிமாலைகள், சட்டையில் குத்தும் ப்ரூச்சுகள் என்று எழுபதுக்கு மேல். "நீ கம்ப்யூட்டர் பையன்தானே, விற்றுக் கொடு" என்றார்.

நான் இன்ஜினியர் கணக்குப் போட்டேன். ஒரு நகைக்குப் படம், விவரம், பார்சல் என்று இருபது நிமிடம். எழுபது நகைக்கு இருபத்து மூன்று மணி நேரம்! எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் படம் எடுத்து, ஈபேயில் ஒரே லாட்டாக ஏலம் விட்டேன். 38 டாலர் கிடைத்தது. ஒரு மாதம் கழித்து, அதே குவியலில் இருந்த ஒரு ப்ரூச்சைத் தற்செயலாக ஈபேயில் பார்த்தேன். அது மட்டும் தனியாக 90 டாலருக்கு விற்றிருந்தது. அது கோரோ கம்பெனியின் 'டூயட்'. இரண்டு கிளிப்புகளைச் சேர்த்தால் ஒரு ப்ரூச், பிரித்தால் இரண்டு நகை. 1930களில் வந்த வடிவமைப்பு. பின்பக்கம் பெயர் பொறித்திருக்கும். நான் திருப்பியே பார்க்கவில்லை.

லாட்டாக விற்பதே தவறு என்று சொல்லவில்லை. இரண்டு டாலர் தோட்டைத் தனியாக விற்றால் தபால் செலவு தோட்டை விட அதிகம். ஈபே ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு சிறு நிலையான கட்டணமும் பிடிக்கிறது. அமெரிக்கத் தபால் துறையின் ஃப்ளாட் ரேட் பெட்டிக்கு, உள்நாட்டில் 70 பவுண்ட் வரை எடை எதுவானாலும் ஒரே கட்டணம். ஆகவே சந்தையில் கத்தரிக்காயைக் கூறு கட்டுவது போல இதையும் கட்டலாம். ஆனால் எந்தக் காய்கறிக்காரம்மாவும் சொத்தையையும் நல்லதையும் வெண்டைக்காயையும் ஒரே கூறில் போடுவதில்லை!

ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு மாலை நேரமும் போதும். முதலில் எல்லாவற்றையும் திருப்பிப் பாருங்கள். டிரிஃபாரி, கோரோ, வைஸ் போன்ற பெயர் இருந்தால் தனியே வையுங்கள். 'ஸ்டெர்லிங்' என்றிருந்தால் அது வெள்ளி. இரண்டாம் உலகப் போரில் சாதாரண உலோகங்களுக்குக் கட்டுப்பாடு வந்ததால் பல கம்பெனிகள் வெள்ளியில் செய்தன. பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 'சி' என்ற காப்புரிமைக் குறி இருந்தால், அது பெரும்பாலும் 1955க்குப் பிந்தைய நகை. காஸ்ட்யூம் நகைக்கும் காப்புரிமை உண்டு என்று டிரிஃபாரி தொடுத்த வழக்கில் அந்த ஆண்டுதான் தீர்ப்பு வந்தது. ஈபேயில் அந்தப் பெயரைத் தேடி, 'விற்பனையானவை' என்ற வடிகட்டியை கிளிக் செய்தால் உண்மையில் விற்ற விலை தெரியும். விற்பவர் கேட்கும் விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

மிச்சத்தை இனம் பிரித்து லாட் ஆக்குங்கள். தோடுகள் ஒன்று, மணிமாலைகள் ஒன்று. கல் விழுந்தது, பச்சைக் களிம்பு ஏறியது, ஒற்றைத் தோடு இவையெல்லாம் கைவினை செய்பவர்களுக்கு என்று தனி லாட். அதையும் வாங்க ஆள் உண்டு, உடைந்தது என்று சொல்லி விற்றால். ஈபேயில் ஒரு விற்பனைக்கு 24 படங்கள் வரை போடலாம். குவியலாக அல்ல, பரப்பி வைத்து, பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். எண்ணிக்கையைச் சரியாக எழுதுங்கள்.

எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. நல்லதை எல்லாம் பொறுக்கிவிட்டு, மிச்சத்தை 'பிரித்துப் பார்க்காத பெட்டி' என்று எழுதி விற்பவர்கள் நிறையப் பேர். வாங்குபவரின் ஆசையை வைத்து ஆடும் சூதாட்டம் அது. நான் உண்மையிலேயே பிரித்துப் பார்க்காமல் விற்றேன், அது முட்டாள்தனம். இது பொய்.

(ஈபேயின் இந்தியத் தளம் 2018இல் மூடப்பட்டது. நான் சொல்வது அமெரிக்கச் சந்தை பற்றி.)

டூயட் விஷயத்தை அந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. உள்ளே போய் இரண்டாவது பெட்டியைக் கொண்டுவந்தார். இந்த முறை சாப்பாட்டு மேஜையில் துணி விரித்துப் பரப்பினோம். ஐந்து லாட்டும் நான்கு தனி நகைகளுமாக 210 டாலருக்கு விற்றது. பரப்பும்போதே ஒரு நீல மணிமாலையை மட்டும் எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். பெயர் எதுவும் இல்லாத, இரண்டு டாலர்கூடப் போகாத மாலை. அக்கா தினமும் சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போனதாம். முதல் பெட்டியிலும் அப்படி ஏதாவது இருந்ததா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.