ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு!

ஏர் இந்தியாவின் ஏற்றமும் இறக்கமும் சொல்லும் பாடம்

காரைக்குடிச் சீமையில் கணக்கு என்றால் விளையாட்டு அல்ல.

அந்தக் காலத்தில் செட்டிநாட்டுப் பையன்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறினார்கள். "கொண்டுவிக்கப் போகிறான்" என்று ஊரில் சொல்வார்கள். அங்கே கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்வார்கள். முதலில் கற்பது கணக்கு எழுத. அப்புறம் பேரேடு. அப்புறம் ஐந்தொகை.

பணம் போட்ட முதலாளி ஊரில் இருப்பார். கடையை நடத்தும் ஏஜெண்டு கடல் தாண்டி இருப்பார். பொதுவாக ஏஜெண்டுக்கு மூன்று வருஷத் தவணை. அதற்குள் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, வராக்கடன் எவ்வளவு என்று ஊருக்குக் கணக்கு வந்தாக வேண்டும். முதலாளிக்கும் ஏஜெண்டுக்கும் நடுவே இருந்தது நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றியது கணக்கு.

கடைக்கு உள்ள இந்த ஒழுங்கு, ஒரு தேசத்தின் விமானக் கம்பெனிக்கு வேண்டாமா? வேண்டும். அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஏர் இந்தியாவே சாட்சி.

தபால் சுமந்த விமானம்

1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி. கராச்சியில் இருந்து ஒரு சின்னஞ்சிறு விமானம் புறப்பட்டது. அதில் பயணிகள் இல்லை. தபால் மூட்டைதான் இருந்தது. அதைப் பம்பாய்க்கு ஓட்டி வந்தவர் ஜே.ஆர்.டி. டாடா. அங்கிருந்து அந்தத் தபால் சென்னைக்கும் பறந்து வந்தது. இப்படிப் பிறந்ததுதான் டாடா விமானக் கம்பெனி. 1946இல் அதற்கு ஏர் இந்தியா என்று பெயர் வந்தது. 1948 ஜூன் மாதம் பம்பாயிலிருந்து லண்டனுக்கு விமானம் விட்டது.

அந்தச் சமயத்தில் செட்டிநாடும் சும்மா இருக்கவில்லை. கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார், 'ஜூபிட்டர் ஏர்வேஸ்' என்ற விமானக் கம்பெனியை நடத்தினார். காரைக்குடிக்குக் கல்லூரிகளைத் தந்தவர் அவர். மின் வேதியியல் ஆராய்ச்சிக் கூடத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வாரிக் கொடுத்த வள்ளலும் அவரே.

ஆனால் விமானத் தொழில் வள்ளலையும் பார்ப்பதில்லை, வணிகரையும் பார்ப்பதில்லை. யுத்தம் முடிந்ததும் டகோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. கம்பெனிகள் பெருகின. ஏறுவதற்குப் பயணிகள் போதவில்லை. ஜூபிட்டர் ஏர்வேஸ் சில வருஷங்களிலேயே மறைந்தது. மற்றக் கம்பெனிகளும் தள்ளாடின.

1953இல் சர்க்கார் விமானக் கம்பெனிகளை எடுத்துக்கொண்டது. இரண்டு கார்ப்பரேஷன்கள் ஏற்பட்டன. உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ். வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா.

மகாராஜாவின் நல்ல காலம்

சர்க்கார் எடுத்த உடனே எல்லாம் கெட்டுவிட்டதா? இல்லை. இதைக் கவனிக்க வேண்டும்.

சர்க்கார் கம்பெனியான பிறகும் ஜே.ஆர்.டி. டாடாவே ஏர் இந்தியாவின் தலைவராக இருந்தார். 1978 வரையில் இருந்தார். நிர்வாகத்தில் அன்றாடம் கை வைப்பவர்கள் குறைவு. தலைப்பாகையும் மீசையுமாகக் குனிந்து வணங்கும் மகாராஜா பொம்மையை உலகமே அறிந்திருந்தது. 1962இல் ஏர் இந்தியாவின் விமானங்கள் எல்லாமே ஜெட் விமானங்கள் ஆயின. பணக்கார நாடுகள் பலவற்றுக்கும் அப்போது அந்தப் பெருமை இல்லை.

ஆகவே, "சர்க்கார் நடத்தினால் உருப்படாது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது.

சறுக்கியது எங்கே?

2005, 2006ஆம் ஆண்டுகளில் இரண்டு கம்பெனிகளுக்குமாக 111 புதிய விமானங்கள் வாங்க உத்தரவு கொடுத்தார்கள். பெரும்பாலும் கடன் பணம். 2007இல் இரண்டு கம்பெனிகளையும் ஒன்றாக்கினார்கள். இங்கே ஒரு சம்பள முறை, அங்கே வேறொரு சம்பள முறை. இங்கே போயிங், அங்கே ஏர்பஸ். ஒரு குடும்பத்தில் இரண்டு அடுப்பு எரிந்ததைப் போல் ஆயிற்று. வெளியே தனியார் விமானங்களும் வளைகுடா நாட்டு விமானங்களும் குறைந்த கட்டணத்தில் பயணிகளை அழைத்துக்கொண்டு போயின.

அதற்குப் பிறகு, சர்க்கார் கையில் இருந்த வரையில், ஒரு வருஷம்கூட நிகர லாபம் இல்லை. நாள் ஒன்றுக்கு 20 கோடி ரூபாய் நஷ்டம் என்ற நிலை வந்தது. நிமிஷத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1 லட்சத்து 39 ஆயிரம் ரூபாய்!

2018இல் 76 சதவிகிதப் பங்கை விற்கச் சர்க்கார் முயன்றது. கேட்பதற்கு ஒருவரும் வரவில்லை. 2021இல் டாடா நிறுவனமே 18,000 கோடி ரூபாய்க்குக் கேட்டது. அதில் ரொக்கம் 2,700 கோடி. மீதி 15,300 கோடி, கடனை ஏற்றுக்கொண்ட வகையில். 2022 ஜனவரி 27ஆம் தேதி கம்பெனி கை மாறியது.

அப்போது மொத்தக் கடன் 61,562 கோடி ரூபாய். டாடா ஏற்றது போக 46,262 கோடி சர்க்கார் தலையில் நின்றது. சர்க்கார் தலை என்றால் யார் தலை? தீப்பெட்டி வாங்கும் எல்லோர் தலையும்தான். 140 கோடி மக்களுக்குப் பங்கு போட்டால் ஆளுக்குச் சுமார் 330 ரூபாய். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 1,650 ரூபாய். விமானத்தை வானத்தில் மட்டுமே பார்த்த குடும்பத்துக்கும் இதே பங்கு.

"ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்பார்கள். பரிமாறியது யாரோ. நெய் ஊராருடையது.

ஆப்பிரிக்கா காட்டும் கண்ணாடி

இந்தக் கதை இந்தியாவுக்கு மட்டும் உரியது அல்ல. கானாவும் நைஜீரியாவும் 1958இல் தங்களுக்கென்று விமானக் கம்பெனி தொடங்கின. புதிதாக விடுதலை காணும் நாட்டுக்குக் கொடி ஒரு பெருமை. வானில் பறக்கும் விமானம் இன்னொரு பெருமை. ஆனால் நைஜீரியா ஏர்வேஸ் 2003இல் மூடப்பட்டது. கானா ஏர்வேஸும் அடுத்து நின்றது. தென் ஆப்பிரிக்காவின் சர்க்கார் விமானக் கம்பெனி 2019இல் நொடித்து, 2021 செப்டம்பரில்தான் மீண்டும் பறக்கத் தொடங்கியது.

அதே ஆப்பிரிக்காவில் எத்தியோப்பியா இருக்கிறது. பணக்கார நாடு அல்ல. பஞ்சத்தையும் போரையும் கண்ட நாடு. 1945இல் தொடங்கிய அதன் விமானக் கம்பெனி இன்றும் முழுக்க முழுக்கச் சர்க்கார் சொத்து. அதுதான் ஆப்பிரிக்காவிலேயே பெரிய விமானக் கம்பெனி. 2022இல் சென்னைக்கும் விமானம் விட்டது. எப்படி முடிந்தது? கம்பெனியை நடத்தும் வேலையைத் தொழில் தெரிந்தவர்களிடம் விட்டார்கள். வந்த லாபத்தை மீண்டும் தொழிலிலே போட்டார்கள். விமானிகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். பிறர் விமானங்களையும் பழுது பார்த்துச் சம்பாதித்தார்கள்.

தனியார் என்றால் மட்டும் பிழைத்துவிடுமா? கிங்ஃபிஷர் 2012இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019இல் நின்றது. டாடா கைக்குப் போன ஏர் இந்தியாவிலும் நஷ்டம் உடனே நிற்கவில்லை. ஆக, சொந்தக்காரர் யார் என்பதைவிட, கணக்குக் கேட்பவர் யார் என்பதே பெரிது.

சேவைக்குத் தனிப் பேரேடு

"விமானக் கம்பெனி சர்க்காரிடம் இருந்ததால்தானே ஆபத்துக்கு உதவியது?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

1990இல் ஈராக் படை குவைத்தில் புகுந்தது. அங்கே பிழைக்கப் போன இந்தியர்கள் திகைத்தார்கள். ஜோர்டான் நாட்டு அம்மான் நகரிலிருந்து ஏர் இந்தியா விமானங்கள் இரவு பகலாகப் பறந்தன. 1 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் உயிரோடு வீடு திரும்பினார்கள். சிவகங்கைச் சீமையில் வெளிநாட்டுப் பிழைப்பை நம்பிய வீடுகள் எத்தனையோ. அந்த வீடுகளுக்கு இதன் அருமை தெரியும்.

இதில் லாபம் பார்க்கக் கூடாது. ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். ஆபத்துக்கு உதவியதற்கு ஆன செலவு இவ்வளவு என்று தனிப் பேரேட்டில் எழுதிச் சர்க்கார் பகிரங்கமாகக் கொடுக்கலாம். மக்கள் மறுக்க மாட்டார்கள். சேவையில் வந்த நஷ்டத்தையும் சீர்கேட்டில் வந்த நஷ்டத்தையும் ஒரே பையில் போட்டுக் கட்டியதுதான் தவறு. தருமத்தின் பெயரால் ஊதாரித்தனம் ஒளிந்துகொண்டது.

நாளைக்கு நம் ஊரில்

செட்டிநாட்டில் இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுதளம் இருக்கிறது. அங்கே மறுபடியும் விமானம் இறங்க வேண்டும் என்ற ஆசை ஊரில் இருக்கிறது. நல்ல ஆசைதான். இப்போது திருச்சிக்கோ மதுரைக்கோ போய்த்தான் விமானம் ஏற வேண்டும்.

சின்ன ஊர்களுக்கு விமானம் விட 'உடான்' திட்டம் இருக்கிறது. கட்டணத்தில் விழும் குறையைச் சர்க்கார் மூன்று வருஷம் ஈடுகட்டும். சேலத்தில் 2018இல் விமானம் வந்தது. 2021இல் நின்றது. 2023இல் மறுபடி வந்தது. ஆகையால் திறப்பு விழாவுக்கு முன்பே மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். தினம் ஏறுகிறவர்கள் எத்தனை பேர்? குறையும் பணத்தைக் கொடுப்பது யார்? மூன்று வருஷம் முடிந்தபின் என்ன ஏற்பாடு?

இப்படிக் கேட்பது தடை போடுவது ஆகாது. ஊரில் இருந்த முதலாளி ரங்கூன் ஏஜெண்டிடம் கேட்ட கேள்விகள்தான் இவை. தேசத்தின் சொத்துக்கு முதலாளி குடிமக்கள். மந்திரியும் அதிகாரியும் ஏஜெண்டுகள். தவணை முடிந்ததும் ஐந்தொகையைக் கேட்டு வாங்குவது முதலாளியின் கடமை.